பாட்டி அரைஞாண்ல இருந்த செப்புக்காசு: மூணு சிங்கம், பின்னாடி அரபு மாதிரி எழுத்து. யாருக்காவது தெரியுமா?

தன்லின்_பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம், பர்மாவுல தன்லின்ல (ரங்கூன் பக்கம்) இருந்து எழுதறேன். தவறிப்போன பாட்டியோட பெட்டியைப் பிரிச்சப்போ ஒரு ஓவல்டின் டின்னுக்குள்ள மஞ்சத்துணி முடிச்சு இருந்துச்சு. உள்ளே கறுப்புக் கயித்துல கோத்த ஒரு செப்புக்காசு. பாட்டி சின்னப் பிள்ளையா இருந்தப்போ அரைஞாண்ல கட்டியிருந்ததுன்னு அம்மா சொல்றாங்க. பாட்டிக்கு முன்னாடி யார் கட்டியிருந்தாங்கன்னு தெரியல.

காப்பிக்கொட்டை நிறம். ஓட்டையைச் சுத்தி மட்டும் பச்சை. ஒரு பக்கம் நடுவுல கேடயம், ரெண்டு பக்கமும் சிங்கம் நிக்குது, கேடயத்துக்கு மேல இன்னொரு குட்டிச் சிங்கம். சுத்தி இங்கிலீஷ்ல "ஈஸ்ட் இந்தியா" வரைக்கும் படிக்க முடியுது. கீழே 180, அதுக்கடுத்த எண் தேஞ்சிருக்கு. மறுபக்கம் ஏறக்குறைய வழவழன்னு ஆயிடுச்சு. அரபு மாதிரி சில கோடு, கீழே மூணு இங்கிலீஷ் எழுத்து: ஏ, எஸ், எச்.

கம்பெனிக் காசுன்னா லட்சக்கணக்குல போகும்னு தம்பி வீடியோ காட்டறான். சித்தப்பா இது கோயில் காசு, உண்டியல்ல போட்டுடுன்னு சொல்றாரு. படம் ரெண்டு போட்டிருக்கேன். தெளிவா இல்லேன்னா புளி போட்டுத் தேச்சுட்டு மறுபடி எடுத்துப் போடறேன்.

பழங்காசுக்காரன்
புளி வேண்டாம்! வேண்டவே வேண்டாம். எலுமிச்சை, வினிகர், பிராஸோ, பல்பொடி எதுவும் கூடாது. குத்துவிளக்கு வேற, காசு வேற. அந்தக் காப்பிக்கொட்டை நிறம் அழுக்கு இல்லம்மா, செம்பு தானே போட்டுக்கிட்ட போர்வை. புளிச்சாறு அதை உரிச்சுட்டு மேல்தோலையும் கரைக்கும், மிச்சம் இருக்கிற எழுத்தும் போயிடும். பளபளன்னு இளஞ்சிவப்பா வர்ற பழைய காசைச் சேகரிக்கிறவன் எவனும் தொடமாட்டான்.

ரெண்டு விஷயம் அளந்து சொல்லுங்க: எடை, விட்டம். படத்தை விட அது முக்கியம்.

லுங்கிக்கடை
சிங்கம் இருக்குன்னா பர்மாவோட கடைசி ராஜா தீபா மன்னர் காசு. எங்க தாத்தா கிட்ட இருந்தது.

பழங்காசுக்காரன்
தம்பி, தீபா காசுல ஈஸ்ட் இந்தியான்னு இங்கிலீஷ்ல ஏன் எழுதப் போறாங்க? மாண்டலேல அடிச்ச செப்புக்காசுல எழுத்து, எண் எல்லாம் பர்மீஸ். தீபாவோட அப்பா மிண்டோன் காலத்துல மயில், பர்மா வருஷம் 1227, அதாவது 1865. தீபா காலத்துல சிங்கம், 1240, அதாவது 1878. அந்தச் சிங்கம் தனியாத்தான் இருக்கும், கேடயம் கிடையாது. உங்க தாத்தா கிட்ட இருந்தது அதுவா இருக்கலாம். இந்தப் பொண்ணு கையில இருக்கிறது அது இல்ல.

வியாசர்பாடி_பேரன்
மெட்ராஸ்லேர்ந்து வணக்கம் மக்களே. எங்க தாத்தா பாட்டி 64ல ரங்கூன்ல இருந்து கப்பல் ஏறி வந்தவங்க, அதனால இந்த இழைகளை விடாம படிக்கிறேன். அக்கா, தம்பி பார்த்த வீடியோவை நம்பாதீங்க. இங்க பர்மா பஜார் நடைபாதையில "1818, ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா"ன்னு போட்டு ஒரு பக்கம் அனுமார், இல்லேன்னா ராமர் பட்டாபிஷேகம் இருக்கிற காசு குவிச்சு வெச்சு விக்கிறான். கம்பெனி ஒரு நாளும் அப்படி ஒரு காசு அடிச்சதில்லை, எல்லாம் பின்னாடி பண்ணின சரக்கு. இந்தக் கும்பல்ல சிலர் அரிசியை இழுக்குற காசு, இரிடியம் காசுன்னு சொல்லி லட்சக்கணக்குல ஏமாத்தி போலீஸ்ல மாட்டியிருக்காங்க. "உங்க காசுக்கு ஆள் இருக்கு, முதல்ல பதிவுக்கட்டணம் அனுப்புங்க"ன்னு எவனாவது கேட்டா உடனே நம்பரை பிளாக் பண்ணிடுங்க.

பகோ_வாத்தியார்
பேரன் சொல்வது சரி. ஆனால் நம் பொண்ணின் காசில் சாமி படம் இல்லை, தேதியும் 1818 இல்லை. அந்த வகை போலி இதுவல்ல. ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டு போய்ப் பாருங்கள் அம்மா. செம்பு ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு.

தன்லின்_பொண்ணு
புளியை எடுத்து சாம்பாருக்குப் போட்டாச்சு சார் 😊 காந்தம் ஒட்டல. விட்டம் தம்பியோட ஸ்கூல் ஸ்கேல்ல 31 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கம்மி. எடைக்கு வீட்ல இருக்கிறது அரிசி நிறுக்குற தராசுதான், அதுல முள்ளே அசையல. மார்க்கெட்ல நகைக்கடைப் பத்தர் கிட்ட கொடுத்தேன். கியாத்தா தராசுல போட்டு "ஒன்பது பெ"ன்னாரு. கிராம்ல எவ்வளவுன்னு கேக்காம வந்துட்டேன்.

மொகல்தெரு_பத்தர்
நான் சொல்றேன் தங்கச்சி. ஒரு கியாத்தா 16.3 கிராமும் சொச்சமும். அதுல பதினாறுல ஒரு பங்கு ஒரு பெ. அப்போ ஒன்பது பெ 9.2 கிராம் பக்கத்துல வரும். பழைய ஆளுங்க தராசுன்னா ஒரு யுவே (பெயை விடச் சின்ன எடை) அப்படி இப்படி இருக்கும், அதுக்கு மேல தப்பாது.

அந்த ஓட்டையைக் கிட்டத்துல ஒரு படம் எடுத்துப் போடேன், ரெண்டு பக்கமும். அது எனக்கு வேணும்.

பழங்காசுக்காரன்
9.2 கிராம், 31 மில்லிமீட்டர். இப்போ வேலை சுலபமாயிடுச்சு.

சிங்கம் ரெண்டு, கேடயம், மேல கிரீடத்தைப் பிடிச்ச குட்டிச் சிங்கம். இது கிழக்கிந்தியக் கம்பெனியோட சின்னம். இதே சின்னம் பல காசுல வரும், அதனாலதான் எல்லாரும் குழம்பறாங்க. நம்ம ஊர்ல அதிகமா கிடைக்கிறது 1835 தேதி போட்ட கால் அணா. அது 26 மில்லிமீட்டர், ஆறரை கிராம். ரொம்பச் சின்னது. அதே வருஷத்து அரை அணா இருக்கே, அதுதான் ஆளை ஏமாத்தும். விட்டம் இதேதான், 31. ஆனா எடை பதிமூணு கிராம் கிட்ட வரும். 9.2 வரைக்கும் தேயணும்னா சிங்கமே மிஞ்சியிருக்காது. அதுவும் இல்லாம அணாக் காசுல மறுபக்கம் இலைவளையத்துக்குள்ள இங்கிலீஷ்ல விலை போட்டிருக்கும், உங்க படத்துல வளையமே இல்ல.

180ன்னு தொடங்குற வருஷம், கம்பெனிச் சின்னம், பின்னாடி பாரசீக எழுத்து (பார்க்க அரபு மாதிரிதான் இருக்கும்), கீழே ஏ எஸ் எச். அந்த மூணு எழுத்துக்கு முன்னாடி ஒரு "சி" இருந்து தேஞ்சு போயிருக்கு. "கேஷ்". மெட்ராஸ் பிரசிடென்சிக் காசு. அதுல ரெண்டு அளவு அடிக்கடி கிடைக்கும்: பத்து கேஷ் 4.66 கிராம், இருபது கேஷ் 9.33 கிராம். எத்தனை கேஷ்னு காட்டற ரோமன் எண் தேஞ்சு போனாலும் தராசு சொல்லிடுச்சு. உங்களது இருபது. குறையுற அந்தக் கொஞ்ச எடை தேய்மானமும் ஓட்டையும்.

மௌல்மீன்_ஐயா
அவசரப்படாதே தம்பி. பினாங்குக் காசுக்கும் இதே கம்பெனிச் சின்னம், பின்னாடி அரபு எழுத்து. மெர்குய், தவாய், மௌல்மீன் எல்லாம் பினாங்கோடு வியாபாரம் செய்த துறைமுகம். இந்தப் பக்கத்து வீடுகளில் நான் பார்த்த பழைய செம்பில் பாதி அந்தப் பக்கத்துச் சரக்கு. சேவல் போட்ட காசு கூடக் கிடைக்கும்.

பழங்காசுக்காரன்
ஐயா, நல்ல கேள்வி, நானும் அதைத்தான் முதல்ல யோசிச்சேன். பினாங்குல அந்த வகைக் காசு 1810 தேதியோட வருது, இங்க 180 வரைக்கும் தெளிவா தெரியுது. அதோட பினாங்குக் காசுல எழுத்தைச் சுத்தி இலைவளையம் இருக்கும். இந்தப் படத்துல வளையமே இல்ல, எழுத்து காசு முழுக்கப் பரவியிருக்கு. சேவல் காசு சிங்கப்பூர் வியாபாரிங்க இங்கிலாந்துல அடிச்சு வரவழைச்ச டோக்கன், அதுல ஹிஜ்ரி 1247ன்னு இருக்கும், கம்பெனிச் சின்னம் இருக்காது.

மௌல்மீன்_ஐயா
சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பாரசீக எழுத்தை யாராவது படித்துச் சொன்னால் மனது ஆறும்.

சோலியா_பாய்
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். படத்துல பாதிதான் தெரியுது. தங்கச்சி ஒரு வேலை செய்யுங்க. மெல்லிசான வெள்ளைத்தாளைக் காசு மேல வெச்சு அசையாம பிடிச்சுக்கிட்டு, மேல பென்சிலைப் படுக்க வெச்சு மெதுவா தேய்ங்க. காசுக்கு ஒண்ணும் ஆகாது. அதைப் படம் எடுத்துப் போடுங்க. தேதி பக்கமும் அப்படியே செய்யுங்க.

பழங்காசுக்காரன்
அதோட ராத்திரி விளக்கை அணைச்சுட்டு போன் டார்ச்சைக் காசுக்குப் பக்கவாட்டுல, தரையோடு தரையா பிடிச்சு ஒரு படம். மேலேருந்து பிளாஷ் அடிச்சா தேஞ்ச காசு மொட்டையாத்தான் தெரியும். பக்கத்து வெளிச்சம் பட்டாதான் மேடு பள்ளம் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். டார்ச்சைக் காசைச் சுத்தி நகர்த்தி நாலு பக்கத்துல இருந்தும் எடுங்க, ஒரு பக்கம் காட்டாத எழுத்தை இன்னொரு பக்கம் காட்டும்.

தன்லின்_பொண்ணு
கரண்ட் வேற இல்ல, இருட்டுக்குக் குறையே இல்ல 😄 இந்தாங்க, பென்சில் தேய்ப்பு ரெண்டு, டார்ச் படம் நாலு, பத்தர் அண்ணன் கேட்ட ஓட்டைப் படம் ரெண்டு. தேதியில கடைசி எண் பென்சில்ல நல்லா வந்திருக்கு. மேல ஒரு சுழி, கீழ ஒரு சுழி, ரெண்டும் மூடியிருக்கு. எட்டுதானே?

பழங்காசுக்காரன்
எட்டேதான். 1808. மூணா இருந்தா இடப்பக்கம் திறந்திருக்கும். இதே காசு 1803 தேதியோடயும் உண்டு, அதனாலதான் அந்த எண் வேணும்னு காத்துக்கிட்டிருந்தேன். சின்னத்துக்குக் கீழ நாடாவுல பொடி எழுத்து இருக்கே, அது லத்தீன்: "ஆஸ்பிசியோ ரெஜிஸ் எட் செனாட்டஸ் ஆங்லியே". இங்கிலாந்து அரசர், பாராளுமன்றம் ரெண்டோட ஆதரவுலன்னு அர்த்தம். உங்க டார்ச் படத்துல "ரெஜிஸ்" தெரியுது பாருங்க.

சோலியா_பாய்
படிச்சாச்சு. எனக்குச் சந்தேகம் வந்த ரெண்டு இடத்தைப் பள்ளிவாசல்ல உருது தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் கிட்ட காட்டிக் கேட்டேன். "பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்". இருபது காசு நாலு ஃபலூஸ் ஆகும். ஃபலூஸ்னா செப்புச் சில்லறை. அவ்வளவுதான், குர்ஆன் வசனம் எதுவும் இல்ல. சித்தப்பா கிட்ட சொல்லிடுங்க, கோயில் காசும் இல்ல, தர்கா காசும் இல்ல.

அந்தக் காலத்துல இந்தியாவுல தர்பார், கணக்கு வழக்கு எல்லாம் பாரசீகம். கம்பெனியும் அதே பழக்கத்துல போட்டிருக்கான்.

பழங்காசுக்காரன்
பாய், கோடி நன்றி. ஆக: சென்னைப் பிரசிடென்சி, இருபது காசு, 1808. அடிச்சது சென்னையில இல்ல. இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கத்துல சோஹோ, மேத்யூ போல்ட்டனோட நாணயச்சாலை. ஜேம்ஸ் வாட்டோட கூட்டாளியா நீராவி எந்திரம் செஞ்சு வித்த அதே போல்ட்டன். அந்த நீராவியிலேயே காசு அடிக்கிற அச்சையும் ஓட்டினாரு. அதனாலதான் இத்தனை வட்டமா, ஒரே அளவா இருக்கு. அதுக்கு முன்னாடி நம்ம நாட்டுல புழங்கின கையால அடிச்ச காசுகளைப் பார்த்தா ஒண்ணு கோணும், ஒண்ணு சப்பையா இருக்கும், பாதி அச்சு வெளியில விழுந்திருக்கும். கள்ளக்காசு அடிக்கிறவனுக்கும் அதுதான் வசதி.

மதிப்பு சொல்றேன், தம்பியைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க. அன்னைக்கு மெட்ராஸ் கணக்குல 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். உங்க கையில இருக்கிறது கால் பணம். இது மாதிரி 168 காசு சேர்ந்தா ஒரு நட்சத்திர வராகன். மூணரை ரூபாய் ஒரு வராகன்னு வெச்சா, ரூபாய்க்கு இது மாதிரி 48.

தன்லின்_பொண்ணு
தம்பி கேட்டான். "இன்னைக்கு எவ்வளவு"ன்னு மட்டும்தான் கேட்டான்.

பழங்காசுக்காரன்
ஹா ஹா. எதிர்பார்த்தேன். டன் கணக்குல அடிச்ச காசு, அபூர்வம் கிடையாது. தேஞ்சு, ஓட்டை விழுந்தது வேற. ஒரு குடும்பம் நல்ல கடையில உக்காந்து மோஹிங்கா சாப்பிட்டு டீ குடிச்சா தீர்ந்துடும்னு சொல்லுங்க.

வியாசர்பாடி_பேரன்
அண்ணே, ஆனா இதே 1808 காசு கடல்ல மூழ்கின கப்பல் காசுன்னு சான்றிதழோட நல்ல விலைக்கு விக்கிறாங்களே? நான் ஏலப் பக்கத்துல பார்த்திருக்கேன். அக்கா காசுலயும் பச்சை இருக்கு. கடல்ல கிடந்ததா இருந்தா?

பழங்காசுக்காரன்
நீ சொல்றது அட்மிரல் கார்ட்னர் கப்பல். கம்பெனிக் கப்பல்தான். 1809 ஜனவரியில இங்கிலாந்தை விட்டு இந்தப் பக்கம் கிளம்பினது, கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டுல புயல்ல மாட்டி உடைஞ்சது. பத்து கேஷ், இருபது கேஷ் காசு டன் கணக்குல உள்ளே இருந்துச்சு. 1980கள்ல முக்குளிச்சு எடுத்தாங்க.

இப்போ யோசிச்சுப் பாரு. அந்தக் கப்பல் இங்கிலாந்துக் கரையைத் தாண்டவே இல்ல. அதுல இருந்த ஒரு காசும் எந்தச் சந்தையிலும் கத்திரிக்காய் வாங்கினது கிடையாது. அதனால கப்பல் காசுல அச்சு புதுசா இருக்கும். உப்பு அரிச்ச புள்ளி இருக்கலாம், ஆனா கை பட்டுத் தேஞ்ச தேய்மானம் இருக்காது. இந்தப் பொண்ணு காசு நேர் எதிர். அரிப்புப் புள்ளி எதுவும் இல்ல, மேடெல்லாம் வழவழன்னு மழுங்கியிருக்கு. இது ஒழுங்கா ஊர் வந்து சேர்ந்த வேற சரக்குல வந்தது. சந்தையில அதுக்கு விலை கம்மி, என்ன செய்ய. ஆனா என் பெட்டியில எதை வெச்சுக்குவேன்னு கேட்டா, இதைத்தான்.

மொகல்தெரு_பத்தர்
ஓட்டைப் படம் பார்த்தேன். நான் ஒண்ணு சொல்லணும், காசு சாஸ்திரம் தெரியாது, உலோகம் தெரியும்.

இது துரப்பணத்துல போட்ட ஓட்டை இல்ல, சதுர ஆணியால அடிச்சது. சிங்கப் பக்கத்துல இருந்து அடிச்சிருக்காங்க, அந்தப் பக்கம் விளிம்பு உள்ள வாங்கியிருக்கு. எழுத்துப் பக்கம் பிசிறு வெளிய வந்திருக்கணும். வந்ததைச் சுத்தியலால தட்டி, அரம் போட்டு ராவி வழுவழுப்பா பண்ணியிருக்கான். ஏன்? அந்தப் பக்கம்தான் குழந்தை வயித்துல படணும். குத்தக் கூடாது. சிங்கப் பக்கம் வெளியில தெரியணும். ஓட்டை இருக்கிற இடத்தையும் பாரு, சரியா குட்டிச் சிங்கத்துக் கிரீடத்துக்கு மேல. கயித்துல தொங்க விட்டா சிங்கம் மூணும் நிமிர்ந்து நிக்கும், தலைகீழா ஆகாது. வேலை செஞ்சவன் யோசிச்சுச் செஞ்சிருக்கான்.

எழுத்துப் பக்கம் மட்டும் ஏன் இத்தனை தேஞ்சுதுன்னா, காரணம் இதுதான். சந்தையில புழங்கின காசு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேயும். இது ஒரு பக்கம் மட்டும் தோல்லயும் துணியிலயும் உரசி உரசித் தேஞ்சிருக்கு. வேர்வையும் சேர்ந்துச்சு. ஒரு குழந்தை இடுப்புல இருந்ததுக்கு இவ்வளவு தேயாது. ரெண்டு மூணு தலைமுறை கட்டியிருக்கணும்.

பழங்காசுக்காரன்
பத்தர் அண்ணே! நான் இத்தனை காசு பார்த்தும் இது தோணலையே. ஒரு பக்கத் தேய்மானம், ஆமா, அப்படியேதான் இருக்கு.

தன்லின்_பொண்ணு
அண்ணா, அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பாட்டியோட அம்மாவும் இதைக் கட்டியிருந்தாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்னு இப்போதான் சொல்றாங்க. இதை முதல்லயே சொல்லக்கூடாதான்னு கேட்டா "நீ கேக்கலையே"ங்கறாங்க.

அப்போ இது பர்மாவுக்கு எப்போ வந்திருக்கும்?

மௌல்மீன்_ஐயா
அம்மா, இதில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. 1824ல் முதல் ஆங்கிலோ-பர்மியப் போர். மே மாதம் ரங்கூனில் இறங்கிய படையில் மெட்ராஸ் சிப்பாய்கள் நிறைய. 1826 பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கை, அரக்கானும் தெனாசரிமும் கம்பெனி கைக்குப் போனது. அதன்பின் மௌல்மீனில் பாளையம் போட்டு உட்கார்ந்த படையும் மெட்ராஸ் படை. நம் ஆட்கள் இந்த மண்ணில் கூட்டமாகக் கால் வைத்தது அந்தப் படையோடும் அதன் பின்னால் வந்த வண்டிக்காரர், சமையற்காரர், வண்ணார், கடைக்காரர்களோடும். அவர்கள் மடியில் இருந்த சில்லறை இந்தக் காசாகத்தான் இருந்திருக்கும்.

அப்போது பர்மாச் சந்தையில் அரசர் அடித்த காசு புழக்கத்தில் இல்லை. வெள்ளியை வெட்டி எடை போட்டுக் கொடுப்பார்கள், சில்லறைச் சாமானுக்கு ஈயம். அந்தச் சந்தையில் ஒரே அளவாக அடித்த வட்டச் செம்பு வந்து விழுந்தால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பகோ_வாத்தியார்
ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்தக் காசுக்கு அந்தக் கதை பொருந்துமா என்று பார்க்க வேண்டும். தன்லின் (அப்போது சிரியம்), பகோ பக்கமெல்லாம் பிரிட்டிஷ் கைக்கு வந்தது 1852 போருக்குப் பின். நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் வந்தது அதற்கும் பின்னால். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்து பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. மேஸ்திரிகள் தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கம் போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். நெல் அறுவடை, அரிசி ஆலை, துறைமுக மூட்டை. அந்த ஆட்கள் வந்த நாளில் கடையில் ஓடியது அணா பைசா. இருபது காசு அப்போதே பழங்காசு.

பத்தர் சொன்னதை வைத்தே பாருங்கள். சிப்பாய் மடியில் வந்து மௌல்மீன் சந்தையில் கை மாறிய சில்லறை என்றால் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும். இது சந்தையில் அதிகம் ஓடவில்லை, இடுப்பில் ஓடியிருக்கிறது. எனக்குத் தோன்றுவது, ஊரிலேயே ஓட்டை போட்டு, ஏதோ ஒரு குழந்தையின் அரைஞாணில் கோத்தபடியே கப்பல் ஏறிய காசு. பர்மாவில் இதைக் கொடுத்து யாரும் எதுவும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

மௌல்மீன்_ஐயா
வாத்தியார் மேஸ்திரிகளை விட மாட்டார். 😀 எங்கள் குடும்பம் பாளையத்தோடு வந்த குடும்பம், அதனால் எனக்குச் சிப்பாய் ஞாபகம்தான் முதலில் வரும். ஆனால் ஒரு பக்கத் தேய்மானத்துக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் கட்சி பலமாக இருக்கிறது.

வேறு ஒன்று சொல்கிறேன். இந்த ஊரில் நாங்கள் பார்த்த பணத்தை எல்லாம் எண்ணிப் பாருங்கள். ஜப்பான்காரன் தாள் அடித்தான், அவன் போனதும் அடுப்பெரிக்கக் கூட உதவவில்லை. 1964 மே மாதம் ஐம்பதும் நூறும் செல்லாது. கடையும் போய், தாளும் போய், கப்பல் ஏறினவர் எத்தனை பேர், பேரன் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். 1985ல் மறுபடி. 1987 செப்டம்பரில் இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து மூன்றும் செல்லாது, மாற்றித் தரவும் மாட்டோம் என்றார்கள். எங்கள் வீட்டில் தலையணை உறைக்குள் இருந்தது அத்தனையும் குப்பை. கிழவிகள் செம்பையும் பொன்னையும் முடிந்து வைத்தது ஏன் என்று எங்களை யாரும் கேட்க வேண்டியதில்லை.

வியாசர்பாடி_பேரன்
ஐயா, எங்க வீட்ல ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அந்த நோட்டு இன்னும் இருக்கு. தாத்தா தூக்கிப் போட விடல.

லுங்கிக்கடை
எல்லாம் சரி, சிங்கம் இருக்குன்னு நான்தான் முதல்ல சொன்னேன்.

தன்லின்_பொண்ணு
😂 ஆமா அண்ணா, சிங்கம் உங்களோடதுதான்.

இப்போ வீட்ல பஞ்சாயத்து. தம்பி மெட்ராஸ் போற ஆள் கிட்ட கொடுத்து விக்கலாம்ங்கறான். சித்தப்பா முடிச்சு போட்டது சாமிக்குத்தான், முனீஸ்வரருக்குச் செலுத்தணும்ங்கறாரு. அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கு, அம்மா அதுக்குக் கட்டணும்ங்கறாங்க. எது செஞ்சா காசுக்கு நல்லது?

பழங்காசுக்காரன்
மெட்ராஸ் போற ஆள் கிட்ட கொடுக்கவே கொடுக்காதீங்க. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் இங்க 2015 சட்டப்படி தொல்பொருள். அனுமதி இல்லாம வெளிநாட்டுக்கு எடுத்துப் போனா விமான நிலையத்துல மாட்டறது அந்த ஆள். அதுவும் ஒரு வேளை மோஹிங்கா காசுக்கு.

குழந்தைக்குக் கட்டறதுல எனக்கு மனசு இல்ல. மிச்சம் இருக்கிற எழுத்தும் போயிடும், ஓட்டைப் பக்கத்துப் பச்சை குழந்தை வாய்க்கும் போகும். அந்தப் பச்சையைப் பத்தி ஒரு வார்த்தை: நகத்தால லேசா தொட்டுப் பாருங்க. கெட்டியா கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்தா பயமில்ல. வெளிர்பச்சைப் பொடியா உதிர்ந்தா அது உப்பு உள்ள இருந்து அரிக்கிறது, மழைக்காலத்துல பரவும். பொடின்னா டிஸ்டில்டு வாட்டர்ல ஊற வெச்சு, தண்ணியை அப்பப்போ மாத்தி, நல்லா உலர்த்துங்க. தேய்க்காதீங்க. அப்புறம் காகித உறையில போட்டு, மருந்து டப்பாவுல வர்ற ஈரம் உறிஞ்சுற பொட்டலம் ஒண்ணோட மூடி வைங்க. கடையில விக்கிற நெகுநெகுன்னு வாசனை அடிக்கிற பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதுல இருக்கிற எண்ணெய் கசிஞ்சு செம்பைப் பச்சையாக்கிடும்.

கறுப்புக் கயித்தைத் தனியா எடுத்து வைங்க. தூக்கிப் போட்டுடாதீங்க.

மொகல்தெரு_பத்தர்
அம்மா ஆசையையும் தட்ட வேண்டாம் தங்கச்சி. காசு மேல களிமண்ல ஒரு பதிவு எடுத்து வெள்ளியில ஊத்தினா சின்னதா ஒரு சிங்கக்காசு பண்ணலாம், விளிம்பெல்லாம் உருட்டி. அதைக் குழந்தைக்குக் கட்டுங்க. பின்னாடி எழுத்து வேண்டாம், வழவழன்னு விட்டுடலாம்.

பழங்காசுக்காரன்
அண்ணே, நகல் செஞ்சா குழந்தை பேரோ இந்த வருஷமோ பின்னாடி கண்டிப்பா பொறிச்சுடுங்க. இல்லேன்னா நாளைக்கு எவனாவது "வெள்ளியில அடிச்ச 1808 அபூர்வக் காசு"ன்னு வீடியோ போடுவான்.

சோலியா_பாய்
உண்டியல் பத்தி நான் சொல்லக் கூடாது. ஆனா சித்தப்பாவுக்கு ஒரு யோசனை: இன்னைக்குச் செல்லுற காசை மஞ்சத்துணியில முடிஞ்சு செலுத்தினாலும் முனீஸ்வரர் கோவிச்சுக்க மாட்டாரு.

தன்லின்_பொண்ணு
பாய், அதைச் சித்தப்பா கிட்ட உங்க பேரைச் சொல்லாம சொன்னேன், கொஞ்சம் யோசிக்கிறாரு. தம்பி இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான். பத்தர் அண்ணா, அம்மா சரின்னுட்டாங்க. எப்போ வரலாம்?

அதே டின்னுல அடியில இன்னொரு காசும் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. இது சின்னது, நடுவுல பெரிய வட்ட ஓட்டை, இது யாரும் ஆணியால அடிச்சது மாதிரி இல்ல, அப்படியே செஞ்சது மாதிரி இருக்கு. மேல ஒரு கிரீடம். 1944ன்னு தெளிவா இருக்கு.

பகோ_வாத்தியார்
அது ஓட்டைப் பைசா அம்மா. போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை விட்டே அடித்தார்கள், 1943லிருந்து 1947 வரை. இந்தியக் காசுதான், 1944 என்றால் பர்மாவில் ஜப்பான்காரன் இருந்த வருஷம். உங்கள் வீட்டுக்கு அது எந்த வழியாக, எப்போது வந்தது என்பதுதான் சுவாரசியம். அம்மாவைக் கேளுங்கள், இந்த முறை முதலிலேயே கேளுங்கள்.

பழங்காசுக்காரன்
அதுக்குத் தனி இழை திறங்கம்மா, இது நீண்டு போச்சு. எடையும் விட்டமும் முதல் பதிவுலயே போட்டுடுங்க.